வழியில் தொலைந்த மூன்றரை வாட்

பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் தாராளமாகச் செலவழிப்பார்கள்; இரண்டையும் இணைக்கும் கேபிள் என்று வந்தால் கை சுருங்கிவிடும். மன்னார்குடியில் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறியிருந்ததும் அப்படி வாங்கியதுதான்: மேலுறையில் ஆர்.ஜி.58 (50 ஓம் கேபிள் வகை) என்று அச்சிட்ட, மெலிந்த 20 மீட்டர்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு, 145 மெகாஹெர்ட்ஸில் என் குரல் இரைச்சலில் அமுங்குவதாகத் தஞ்சாவூர் நண்பர் சொல்ல ஆரம்பித்தார். அவர் குரலும் எனக்கு அப்படித்தான் கேட்டது. வயலும் வாய்க்காலுமான இந்தச் சமவெளியில் குறுக்கே மறிக்க மலை ஏது? எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையைக் காட்டுவது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.2 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தச் சமர்த்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆன்டெனாவைக் கழற்றி, கேபிளின் மேல்முனையை வெறுமனே விட்டுவிட்டு வந்து அளந்தேன். இழப்பே இல்லாத கேபிளாக இருந்தால் அலை முழுவதும் திரும்பி, முள் கடைசிவரை ஓட வேண்டும். ஆன்டெனாவே இல்லாத நிலையிலும் அது 2-ஐத் தாண்டவில்லை! மேலே போகும் அலை வழியில் தேய்கிறது. முனையில் மோதித் திரும்புவது இன்னொரு முறை தேய்கிறது. மீட்டருக்கு வந்து சேர்வது சொற்பம். அதைப் பார்த்து எல்லாம் பொருந்தியிருப்பதாக அது சொல்கிறது. கேபிள் எவ்வளவு மோசமோ மீட்டர் அவ்வளவு நல்ல செய்தி சொல்லும்.

அடுத்து, மேல்முனையில் 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை உள்வாங்கும் மின்தடை) மாட்டி, வாட் மீட்டரை அங்கே வைத்துப் பார்த்தேன். கீழே 5 வாட் கொடுத்தால் மேலே ஒன்றரைதான். தரமான ஆர்.ஜி.58-ம் இந்த அலைவரிசையில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபெல் (இழப்பை அளக்கும் அலகு) தின்னும். 20 மீட்டருக்கு 4 டெசிபெல் போனாலும் 2 வாட் மிஞ்சியிருக்க வேண்டும். மீதி எங்கே போனது என்பது மேல்முனையைச் சீவியதும் தெரிந்தது. நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் பின்னல் கம்பிகள் எண்ணிவிடலாம் போல அரிதாக இருந்தன. இருந்தவையும் ஈரத்தில் கறுத்து, விரல் பட்டதும் உதிர்ந்தன.

இன்னும் தடித்த, இழப்புக் குறைந்த ஆர்.ஜி.213 வாங்கலாம்தான், விலையைக் கேட்டதும் டிஷ் டிவிக்குப் போடும் ஆர்.ஜி.6 பக்கம் வந்துவிட்டேன். "சார், இது 75 ஓம் ஆயிற்றே" என்றார் கடைக்காரர். 50 ஓம் ஆன்டெனாவில் அதனால் வரும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5, திரும்பிவிடும் சக்தி 4 சதவீதம். இழந்துகொண்டிருந்ததோடு ஒப்பிட்டால் இது ஒரு கணக்கே இல்லை. நடுக்கம்பியில் காந்தம் ஒட்டியது: செப்பு பூசிய இரும்பு. இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் மேற்பூச்சிலேயே ஓடிவிடுவதால் கவலையில்லை. பாடுபடுத்தியது அலுமினியப் பின்னல்தான். அதில் ஈயம் ஒட்டாது. டிவி கேபிளுக்கான எஃப் கனெக்டரை அழுத்திப் பொருத்தி, அடாப்டர் வழியாக ஆன்டெனாவில் சேர்த்தேன்.

இப்போது மேலே மூன்று வாட்டுக்குக் குறைவதில்லை. இணைப்பின் மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வழியும் மழைநீர் கனெக்டருக்குள் போகாமல் கீழே சொட்டும்படி கேபிளைச் சற்றே தொங்கலாக வளைத்துக் கட்டியிருக்கிறேன்.

கறுத்த பகுதியை வெட்டியெறிந்த பழைய கேபிள் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆன்டெனாவுக்குப் போயிருக்கிறது. அந்த அலைவரிசையில் இந்த நீளத்துக்கு ஒரு டெசிபெல் அளவுதான் இழப்பு. அங்கே இந்த மெலிந்த கேபிளே போதும்.