நாதஸ்வர டோன் தாளத்தில் விழுந்தது

லேப்டாப்பில் ஏற்றி, கீபோர்டு கட்டையில் வாசிக்கும் நாதஸ்வர டோன் (பதிவு செய்த நாதஸ்வர ஒலி) ஒருவழியாகத் தாளத்தில் விழுகிறது. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அடுத்து ஆடி என்று வேலூர் பக்கம் மெல்லிசை மேடைகளில் அம்மன் பாட்டுக்குக் குறைவே இல்லை. ரிதம் பேட் நேராக அடிக்க, நாதஸ்வர பிட் மட்டும் பின்னால் இழுத்தால் பாட்டே தொய்ந்துவிடும்.

தாமதம் எங்கே என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒலியை நொடிக்கு 44,100 சாம்பிளாக (துணுக்காக) எடுக்கும் கணக்கில், பஃபர் (லேப்டாப் ஒலியைச் சேர்த்து அனுப்பும் இடைக்கிடங்கு) 128 சாம்பிள் என்றால் 2.9 மில்லி செகண்டு. எந்தக் கட்டை அழுந்தியது என்று லேப்டாப்புக்குச் சொல்லும் மிடி கேபிளில் ஒரு நோட்டுக்கு ஏறத்தாழ 1. மானிட்டர் மூன்று மீட்டர் தள்ளி நின்றால் காற்றில் 9. ஆடியோ கார்டு தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தாலும் விரல் இதைப் பொறுத்துக்கொள்ளும். புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் மேடைப் பக்கமே விடக் கூடாது. மீதி இழுவை முழுக்க டோனின் பதிவுக்குள்தான் இருக்கிறது.

பென்டிரைவில் கைமாறும் டோன் பேக்குகளில் பாதி, எம்பி3-யை வேவ் ஆக மாற்றியவை. எரிச்சலான விஷயம். எம்பி3-யாக்கும்போது 576 சாம்பிளும் திரும்ப விரிக்கும்போது 529-உம் முன்னால் வெறுமையாகச் சேர்வது வழக்கம். மொத்தம் 1,105, அதாவது 25 மில்லி செகண்டு வெறும் மௌனம். ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். அதை வெட்டுங்கள், வெட்டும் இடம் பூஜ்யக் கோட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ‘டப்’ என்று கேட்கும்.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். சீவாளியில் (ஊதும் நாக்கில்) காற்று பிடித்து சுருதி நிற்கும்வரை உள்ள அந்தத் துண்டு மௌனம் இல்லை, நாதஸ்வரமே அதுதான். வெட்டினால் ஆர்மோனியம் மாதிரி ஆகிவிடும். விட்டால் பிருகா (வேகமாக ஓடும் சுரக்கோவை) முழுக்கப் பின்தங்கும். வேகமாக அழுத்தினால் வெட்டிய லேயர் (பதிவு அடுக்கு), மெதுவாக அழுத்தினால் முழு லேயர் என்று வெலாசிட்டியில் (கட்டை இறங்கும் வேகத்தில்) பிரிப்பது பலர் செய்வது. பிருகாவில் அது காலை வாரும்: விரல் ஓடும்போது அழுத்தம் குறையும், அதனால் வேகமான இடத்தில்தான் தாமதமான லேயர் வந்து நிற்கும்.

நாதஸ்வரம் வாசிப்பவர் எல்லாச் சுரத்துக்கும் துத்துக்காரம் (நாக்கால் காற்றை வெட்டுவது) போடுவதில்லை. ஒரே மூச்சில் விரலை மட்டும் மாற்றிப் பல சுரம் போகிறார். அதையே, எந்தக் கட்டைக்கு எந்தப் பதிவு என்று சொல்லும் எஸ்எஃப்இசட் (SFZ) கோப்பிலும் செய்யலாம். முழுத் தொடக்கம் உள்ள லேயருக்கு ‘ட்ரிகர்=ஃபர்ஸ்ட்’ (வேறு கட்டை அழுந்தாதபோது ஒலிக்கும்), வெட்டிய லேயருக்கு ‘ட்ரிகர்=லெகாட்டோ’ (வேறு கட்டை அழுந்தியிருக்கும்போது ஒலிக்கும்). இரண்டாவதற்கு ‘ஆஃப்செட்=1764’, அதாவது முதல் 40 மில்லி செகண்டைத் தாண்டித் தொடங்கும். தொடக்கத்தில் டப் வராமல் இருக்க ‘ஆம்ப்ஈஜி_அட்டாக்=0.003’. இரண்டு லேயரும் ஒரே குரூப்பில் இருந்து ஒன்றையொன்று நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பழைய சுரம் புதியதன் மேல் வழியும். இவற்றைக் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஸ்ஃபோர்ஸாண்டோ மென்பொருள் படித்துக்கொள்ளும். வாசிப்பில் ஒரே நிபந்தனை: அடுத்த கட்டை இறங்கும்வரை முந்தைய கட்டையை விடக் கூடாது. விட்டால் புது மூச்சு என்று எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு பொறி, சுருதி இழுப்பது. ஒரே பதிவைக் கீழ்க் கட்டைகளுக்கு நீட்டினால் தொடக்கமும் நீளும். 40 மில்லி செகண்டு, மூன்று அரைச்சுரம் கீழே 48, ஒரு ஸ்தாயி கீழே 80. ஆகவே மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு பதிவாவது வேண்டும்.

சரிபார்க்க போன் போதும். கட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்துப் பதிவு செய்து, விரல் விழும் ‘டக்’ ஒலிக்கும் டோனுக்கும் உள்ள இடைவெளியை ஆடாசிட்டியில் அளக்கலாம். ஒவ்வொரு கட்டையாக அளக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் தவறியிருப்பது மேடையில்தான் தெரியவரும்.

யூஎஸ்பி மிடி கேபிள் சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதானால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப்போய், எட்டு விரலும் சேர்த்து அழுத்தி, நோட் விடுபடாததை மட்டும் வாங்குங்கள். மலிவானவை பல கட்டையைச் சேர்த்து அழுத்தும்போது நோட்டை விழுங்குகின்றன.

அடுத்த வேலை, ஆடிக்குப் பம்பை, உடுக்கை லூப் (திரும்பத் திரும்பச் சுற்றும் பதிவு). 140 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 140 தட்டு) நாலு தட்டு சரியாக 75,600 சாம்பிள். அந்த நீளத்துக்கு வெட்டினால் சுற்றச் சுற்ற நகராது. பம்பையின் கார்வை முடிவைத் தாண்டும், அந்த வாலை லூப்பின் தலையில் கலக்க வேண்டும். பிறகு கூத்துக்கு முகவீணை (நாதஸ்வரம் போன்ற சின்ன ஊதுகருவி). நாதஸ்வரத்தில் கீழ் ஸ்தாயிக்குத் தனிப்பதிவு இன்னும் ஏறவில்லை, அங்கே முதல் சுரம் கொஞ்சம் சோம்பலாகவே வருகிறது.