ஒரு தெருவுக்கான ரிப்போர்ட்

ஆஸ்பத்திரி லேபில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் மாவட்டப் பொது சுகாதார ஆய்வகத்துக்கு வந்தேன். அதே அகார் தட்டு, அதே இன்குபேட்டர், அதே லூப். அங்கே செய்ததைத்தானே இங்கேயும் செய்யப்போகிறோம் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வந்தால், இந்த நோயாளிக்கு இந்த மருந்து கேட்கும் என்று எழுதிக் கொடுத்ததும் என் வேலை முடிந்துவிடும். இங்கே ஒரு பாட்டில் தண்ணீர் மேசைக்கு வந்தால் அதற்குப் பின்னால் ஒரு தெருவே குடத்தோடு நிற்கிறது. இது எனக்கு உறைத்தது, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஐப்பசி மழையில் ஒரு பேரூராட்சியில் வயிற்றுப்போக்கு பரவியபோதுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கிளம்பலாம் என்று இன்குபேட்டர் வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சுகாதார ஆய்வாளர் ஒருவர் நனைந்த சட்டையோடு வந்து நின்றார். கையில் தெர்மாகோல் பெட்டி. ஏழு பேரின் மலக்குடல் ஸ்வாப், ஏழும் கிருமி சாகாமல் காக்கிற கேரி பிளேர் ஊடகத்தில் போட்ட குழாய்கள். இந்த ஏழும் ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எடுத்தது என்று அவர் சொன்னபோது எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. மருந்து ஒரு வேளை உள்ளே போய்விட்டால் கிருமி வளர்வது சந்தேகம். வளராவிட்டால் நாங்கள் ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதுவோம், அதைப் படிக்கிறவர் காலரா இல்லை என்று எடுத்துக்கொள்வார். எத்தனையோ பரவல்கள் இப்படித்தான் பெயரே இல்லாமல் வந்து போயிருக்கின்றன. நோயாளிக்கு டிரிப் ஏற்றுகிற அவசரத்தில் ஸ்வாப் எடுக்க இரண்டு நிமிடம் கேட்பது லேசான காரியம் இல்லை. அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நின்று அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். இன்னொன்றும் சரியாகச் செய்திருந்தார். தண்ணீர் பாட்டில்களை ஐஸில் வைத்து, ஸ்வாப்களை ஐஸ் படாமல் தனியாகக் கொண்டு வந்திருந்தார். காலரா கிருமிக்குக் குளிர் ஆகாது, கேரி பிளேரில் இருந்தால் அறை வெப்பத்திலேயே தாங்கும்.

ஸ்வாப்களைக் காரப் பெப்டோன் நீரில் போட்டோம். மற்ற குடல் கிருமிகள் திணறுகிற அந்தக் காரத்தன்மையில் காலரா கிருமி மட்டும் விறுவிறு என்று பெருகி ஆறு மணி நேரத்தில் மேல்பரப்புக்கு வந்துவிடும். அதற்குக் காத்திருக்கும் நேரத்தில், ஒரு நோயாளியின் மலத்தைச் சின்ன டப்பாவில் கொண்டு வந்திருந்தார்களே, அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தொங்கவிட்டு, அதாவது தொங்கு துளி போட்டுப் பார்த்தேன். சோறு வடித்த கஞ்சி மாதிரி இருந்தது அது, மலம் என்றே சொல்ல முடியாது. மைக்ரோஸ்கோப்பில் சின்னச் சின்னக் கிருமிகள் ஒவ்வொன்றும் விட்டெறிந்த மாதிரிப் பாய்ந்து பாய்ந்து ஓடின. பாடத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எங்கள் மூத்த லேப் டெக்னீஷியன் பக்கத்தில் வந்து, "மேடம், இன்னொரு துளி எடுத்து அதில் ஓ1 சீரம் விட்டுப் பாருங்க" என்றார். விட்டேன். ஓ1 வகைக் காலரா கிருமியை மட்டும் பிடிக்கிற சீரம் அது, கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்றுபோனது. ஏதோ பள்ளிக்கூட மணி அடித்து எல்லாரும் அப்படியே நின்ற மாதிரி. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

இங்கேதான் நான் தப்பு செய்யப் பார்த்தேன். கல்ச்சர் வரட்டும், பயோகெமிக்கல் சோதனைகள் முடியட்டும், சீரம் போட்டு உறுதி செய்து மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்றேன். ஆஸ்பத்திரிப் பழக்கம். டெக்னீஷியன்தான், "மூணாம் நாளுக்குள்ள அந்தத் தண்ணிய இன்னும் ஒரு தடவை திறந்து விட்டுருவாங்களே மேடம், இப்பவே போன் போடுங்க" என்றார். சுகாதாரப் பணிகள் துணை இயக்குநருக்குப் போன் போட்டு, உறுதி இல்லை, ஆனால் பலமான சந்தேகம், காரணம் இது, என்று சொன்னேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "தண்ணீர் எங்கிருந்து போகிறது?" எனக்குத் தெரியவில்லை. நோயாளிகளின் வயது தெரியும், எத்தனை முறை போனார்கள் என்று தெரியும், எந்தத் தெரு என்று பார்க்கவே இல்லை. படிவத்தில் முகவரி என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நான் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்து பார்த்தால் ஏழில் ஆறு பேர் ஒரே தெரு, குழாய் லைன் போய் முடிகிற கடைசித் தெரு. பேரூராட்சியில் இருந்து அதுவரை அனுப்பியிருந்த தண்ணீர் மாதிரி எல்லாம் மேல்நிலைத் தொட்டியில் எடுத்தது. அதில் குளோரினும் இருந்தது, மலக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி ஒன்றும் வளரவில்லை. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, தொட்டியில் நன்றாகத்தான் இருந்தது. சுகாதார ஆய்வாளர் மட்டும் அன்று கடைசித் தெருக் குழாயிலும் ஒரு பாட்டில் பிடித்திருந்தார். அந்த இடத்தில் குளோரோஸ்கோப்பில் (குளோரின் இருந்தால் தண்ணீரில் மஞ்சள் காட்டும் கருவி) பார்த்தபோது மஞ்சள் நிறமே வரவில்லை என்று துண்டுச் சீட்டில் குறித்திருந்தார். கடைசி வீட்டுக் குழாயிலும் குறைந்தது 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) மீதக் குளோரின் இருக்க வேண்டும். பரவல் நேரத்தில் அதற்கும் மேலே வைக்கச் சொல்வோம். அங்கே பூஜ்யம்.

அன்று இரவே அந்தத் தெருவுக்குப் போகிற வால்வை மூடினார்கள். விடிகாலையில் லாரியில் தண்ணீர் போனது, வீடு வீடாக ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போனது. நான் பதினொரு மணிக்கு, காலரா கிருமியை வளர்க்கிற டி.சி.பி.எஸ். தட்டுகளில் கோடு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மதியம் பச்சைத் தட்டில் மஞ்சள் மஞ்சளாகத் தட்டையான காலனிகள், ஏழில் ஐந்து தட்டுகளில். தண்ணீர்ச் சோதனைக் குழாய்களும் அப்படித்தான். ஒரு 50 மில்லி, ஐந்து 10 மில்லி, ஐந்து 1 மில்லி என்று பதினொரு குழாய் போடுவோம். ஊதா நிற மெக்கான்கி திரவம் பதினொன்றிலும் மஞ்சளாகி, உள்ளே கவிழ்த்து வைத்த சின்ன டர்ஹாம் குழாய்களில் காற்று ஏறி நின்றது, கோலிஃபார்ம் இருப்பதற்கு அது அடையாளம். பிறகு 44 டிகிரியில் வைத்து ஈ. கோலை என்றும் உறுதி செய்தோம். மூன்றாம் நாள் காலை சீரம் போட்டதும் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டன: விப்ரியோ காலரே ஓ1, அதில் ஒகாவா என்கிற உள்வகை.

தண்ணீரில் காலரா கிருமி கிடைத்ததா என்று எல்லாரும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே அதைக் கண்டுபிடித்தார் என்று படித்திருக்கிறோம். குழாய்த் தண்ணீரில் அப்படி அகப்படுவது அபூர்வம். மழையில் எப்போதோ உள்ளே புகுந்து எப்போதோ அடித்துப் போயிருக்கும். ஈ. கோலை இருக்கிறது என்றால் மனித மலமோ மாட்டுச் சாணமோ அந்தக் குழாய்க்குள் போக வழி இருக்கிறது என்று அர்த்தம். வழி இருந்தால் எதுவும் வரும். தோண்டிப் பார்த்தபோது அந்த வழியும் தெரிந்தது. சாக்கடைக்குக் குறுக்கே போகிற பழைய இரும்புக் குழாய் அரித்து ஓட்டை. அங்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகும், வீட்டு இணைப்பில் மோட்டார் போட்டு உறிஞ்சும்போது சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும். மோட்டார் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசித் தெருவில் அழுத்தமே இல்லை, மோட்டார் இல்லாமல் ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும்.

அந்த வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. யார் என்று சொல்லப்போவதில்லை. "காலரா என்று எழுதாதீர்கள், கடுமையான வயிற்றுப்போக்கு என்று போட்டால் போதாதா, ஊரில் பீதி கிளம்பும்" என்றார்கள். நான் காலரா என்றுதான் எழுதினேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை, தட்டில் இருந்ததை எழுதினேன். ஆனால் அந்தப் போனை இன்றுவரை மறக்கவில்லை. வயிற்றுப்போக்கு என்று எழுதினால் ப்ளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போய்விடுவார்கள். காலரா என்று எழுதினால்தான் குழாயைத் தோண்டுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குக் கடப்பாரையின் வேலை இருக்கிறது. அதை மழுப்பினால் அடுத்த மழைக்கு அதே தெருவில் இருந்து ஸ்வாப் வரும்.

எங்கள் டெக்னீஷியன் பழைய கதை ஒன்று அடிக்கடி சொல்வார், 1992 கடைசியில் சென்னையில் நடந்தது. தட்டில் வளர்ந்தது அச்சு அசல் காலரா, நோயாளிகளுக்கு வந்ததும் காலரா, ஓ1 சீரம் போட்டால் மட்டும் ஒட்டவே ஒட்டாது. அதுவரை பெரிய பரவலை உண்டாக்குவது ஓ1 மட்டும்தான் என்றுதான் உலகமே நம்பியிருந்தது. ஒட்டவில்லையே, அப்போது இது காலரா இல்லை என்று தட்டைக் குப்பையில் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போடாமல் பத்திரப்படுத்தி மேலே அனுப்பினார்கள். அதுவரை தெரிந்த 138 வகையிலும் சேராத புதிய வகை, ஓ139 என்று 1993-இல் பெயர் வைத்தார்கள். சில மாதங்களில் அது கல்கத்தா, பங்களாதேஷ் என்று பரவிவிட்டது. பொருந்தாத ஒன்று தட்டில் வந்தால் எடுத்து வைத்து எண் போட்டுப் பதிவு செய்வது எங்கள் லேபில் இன்னும் விடாத பழக்கம், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றாலும்.

அப்புறம் காய்ச்சல். மழை முடிந்து பனி ஆரம்பிக்கிற மாதங்களில் வருகிற காய்ச்சல் மாதிரிகளைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கட்டுரை. டெங்கு என்றால் முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 (வைரஸின் ஒரு புரதம்) பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். எலைசா (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை). இரண்டாம் நாள் ரத்தத்தில் ஐ.ஜி.எம். பார்த்து நெகடிவ் என்று அனுப்புவதில் யாருக்கும் பயன் இல்லை, ஆனால் காய்ச்சல் எத்தனையாவது நாள் என்கிற கட்டத்தை நிரப்பாமலே பாதிப் படிவம் வரும். ஒரு வருடம் ஒரு வட்டாரத்தில் இருந்து டைபாய்டு, டைபாய்டு என்று விடால் என்கிற ரத்தச் சோதனை பாசிட்டிவாக வந்துகொண்டே இருந்தது. ரத்தக் கல்ச்சரில் ஒன்றுகூட வளரவில்லை. சந்தேகப்பட்டு மீதி சீரத்தை ஸ்க்ரப் டைபஸ் எலைசாவில் ஓட்டினால் வரிசையாகப் பாசிட்டிவ். வயல், புதர் ஓரம் இருக்கிற நுண்ணிய உண்ணிப்பூச்சி கடித்து வருவது, டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும், டைபாய்டுக்குக் கொடுக்கிற செஃப்ட்ரியாக்சோன் அதைத் தொடாது. அந்த வட்டார மருத்துவர்களிடம் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே எல்லாம் சிகரெட்டால் சுட்ட மாதிரிக் கறுப்புத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொன்னோம். அடுத்த வாரமே ஒரு டாக்டர் அழைத்து, "இருக்கு மேடம், நாங்கதான் சட்டையக் கழட்டிப் பாக்கல" என்றார்.

பாசிட்டிவ் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வேலையில் பெரும்பகுதி நெகடிவ். போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதுக்குள் ஒரு குழந்தைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், காரணம் எதுவாக இருந்தாலும், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி, தளர்ச்சி வந்த 14 நாளுக்குள், ஐஸில் வைத்து, நம் மாநிலத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகும். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசியாக நோய் 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்தது. அதன் பிறகு நாடு முழுக்க லேப்களில் இல்லை, இல்லை, இல்லை என்று மூன்று வருடம் எழுதிய பிறகுதான் 2014 மார்ச் 27-இல் நம் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தது. இன்றைக்கும் அந்த மாதிரிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. ஒழுங்காக எடுத்த மாதிரியில் வந்த நெகடிவுக்குத்தான் அந்த மதிப்பு. வெயிலில் கிடந்த பெட்டியில் வந்த நெகடிவ் நம்மை ஏமாற்றிவிடும்.

அந்தப் பேரூராட்சிக் குழாயை மாற்ற ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை லாரித் தண்ணீர்தான். குழாய் மாற்றி, குளோரின் ஏற்றிக் கழுவி, தொடர்ந்து மூன்று மாதிரி சுத்தமாக வந்த பிறகே திறந்துவிடலாம் என்று சொல்லியிருந்தோம். இரண்டாவது மாதிரியிலேயே கொஞ்சம் கோலிஃபார்ம் வந்துவிட்டது, மறுபடி முதலில் இருந்து. அந்த ஊர்க்காரர்கள் எங்களைத் திட்டினார்கள், திட்டட்டும் என்று இருந்தேன்.

டேங்க் ஆபரேட்டர் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அந்த நாட்களில் மாதிரி கொண்டு வந்து கொடுப்பார். முதலில் சோடா பாட்டிலில் பிடித்து வந்தார். அதில் குளோரினை அடக்க தயோசல்பேட் இல்லை, வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், சோதனையில் தண்ணீர் நல்லதாகத் தெரியும் என்று விளக்கி, எங்கள் பாட்டிலைக் கொடுத்து, லேப் வாசல் குழாயிலேயே செய்து காட்டினேன். குழாய் வாயைத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திச் சுட்டு, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு மூட வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் குழாயில் தண்ணீர் திறந்த பிறகு ஒருநாள் நான் அங்கே போயிருந்தபோது, கடைசித் தெருவில் அவர் குந்தி உட்கார்ந்து, காற்றில் அணைந்துபோகாமல் இருக்க உள்ளங்கையால் மறைத்தபடி குழாய் வாயைச் சுட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடத்தோடு நின்ற ஒரு பெண், "எதுக்குண்ணே கொழாய்க்கு நெருப்பு வைக்கிறீங்க" என்று கேட்டாள். "லேபுக்கும்மா, ரெண்டு நிமிஷம் பொறு" என்றார். அவளும் குடத்தை இடுப்பில் இருந்து இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.