ஜூன் 6 மட்டும் தப்பியது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நிட்டிங், டையிங், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அழுத்துவது) எல்லாமே ஜாப் ஒர்க், அதாவது வெளி யூனிட்டுகளில் கூலிக்குச் செய்து வாங்குவது. சில துணி லாட் பெருந்துறைக்குப் போகும், சிலது பல்லடம் ரோட்டுக்கு. எத்தனை கிலோ அனுப்பினோம், எத்தனை கிலோ திரும்பி வந்தது, பிராசஸ் லாஸ் எவ்வளவு என்று மாசக் கடைசியில் யூனிட்காரர்கள் ஆளுக்கொரு எக்செல் ஃபைல் அனுப்புவார்கள். அதையெல்லாம் காப்பி பேஸ்ட் செய்து ஒன்றாக்குவதற்குள் சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா வந்து நிற்கும்.

எக்செல் 2016-லிருந்தே பவர் குவெரி உள்ளேயே இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ஃபோல்டரைக் காட்டினால் அதிலிருக்கும் ஃபைல்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தருகிறது. ஆனால் தலைப்புகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். "இந்த ஷீட்லயே அடிச்சு அனுப்புங்க" என்று ஒவ்வொரு யூனிட்டுக்கும் போன் போட்டுக் கெஞ்சியதுதான் பாதி வேலை. இன்னொன்று, யாராவது ஃபைலைத் திறந்து வைத்திருந்தால் '~$' என்று தொடங்கும் ஒரு மறைவு ஃபைலும் ஃபோல்டரில் வந்து உட்கார்ந்து பிழை காட்டும், அதைப் பெயரை வைத்து முதலிலேயே ஃபில்டர் செய்துவிட வேண்டும்.

முதல் மாசம் ஜோராக ஓடியது. அடுத்த மாசம் படுத்துவிட்டது, ஏனென்றால் தேதிகளையும் ஃபோல்டர் பாதையையும் ஃபில்டருக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். சரி என்று 'அமைப்பு' என்று ஒரு ஷீட் போட்டு ஃபோல்டர், ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி, யூனிட் பெயர் நான்கையும் ஒரு டேபிளில் வைத்து, குவெரி அங்கிருந்து படிக்கும்படி மாற்றினேன். யூனிட் இடத்தில் 'எல்லாம்' என்று இருந்தால் ஃபில்டர் எல்லோரையும் விட்டுவிடும். உடனே ஃபயர்வால் பிழை வந்தது, அதாவது வேறு வேறு இடத்து டேட்டாவைக் கலக்காதே என்று பவர் குவெரி தடுத்தது. டேபிள், ஃபோல்டர் இரண்டும் நம் மெஷினில் இருக்கும் டேட்டாதானே என்று பிரைவசி லெவலைக் கண்டுகொள்ளாமல் விடும்படி செட்டிங்கில் மாற்றியதும் சரியானது.

ஜூன் கணக்கை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டோர் அண்ணன் நோட்டை விரித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, எம்பட நோட்டுல இருக்கற பாதி லாட்ட இங்க காணோமுங்களே" என்றார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது.

விஷயம் இதுதான். இரண்டு யூனிட்காரர்கள் தேதியை டெக்ஸ்டாக அடித்திருந்தார்கள், என் கம்ப்யூட்டரோ மாசம் முதலில் வரும் அமெரிக்க முறையில் இருந்தது. ஜூன் 5-ஐ, அதாவது 05/06-ஐ, மே 6 என்று படித்து, என் ஜூன் ஃபில்டர் அதைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிட்டது. 12-க்கு மேலே மாசமே கிடையாது, அதனால் 13-ம் தேதியிலிருந்து எல்லாம் பிழை. அந்தப் பிழை வரிகளை நானே பழைய மாசத்தில் கண்ணை உறுத்துகிறதே என்று ஒரு கிளிக்கில் நீக்கி வைத்திருந்தேன். அந்த இரண்டு யூனிட்டிலும் 06/06 லாட் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது. கணக்கு தப்பென்று எங்கேயும் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

தேதி வகையை மாற்றும் இடத்தில் லொகேல், அதாவது எந்த நாட்டு முறை என்பதைப் பார்த்து 'இந்தியா' என்று கொடுத்தேன். பிழை நீக்கும் படியை அழித்துவிட்டு, பிழையான வரிகளை மட்டும் தனி ஷீட்டில் காட்டும்படி இன்னொரு குவெரி வைத்தேன். இப்போது இரண்டு தேதியை மாற்றி ரிஃப்ரெஷ் அடிப்பதோடு என் வேலை முடிகிறது, அப்புறம் ஸ்டோர் அண்ணன் முதலில் கேட்பது அந்தப் பிழை ஷீட்டைத்தான். போன மாசம் அதில் மூன்று வரி இருந்தது. ஒன்றில் தேதிக் கட்டத்தில் 'நேத்து' என்று அடித்திருந்தார்கள்.