கியர்பாக்ஸ் கழன்று வராவிட்டால் முதலில் இடைவெளியைப் பாருங்கள்

புரோட்டோன் விரா 1.5, மேனுவல். கிளட்ச் வழுக்கியதால் பட்டர்வொர்த்தில் ஒரு வரிசை வீட்டுப் போர்ச்சிலேயே வைத்துக் கழற்றிய காடி. போல்ட் எல்லாம் வெளியே வந்த பிறகும் கியர்பாக்ஸ் இன்ஜினை விட்டு நகரவில்லை. வீட்டில் கிளட்ச் மாற்றுபவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆகவே அதை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

முதலில் தரை. நம் போர்ச்சுகளில் பெரும்பாலும் டைல்ஸ்தான். ஜாக் ஸ்டாண்டின் கால் டைல்ஸை உடைக்கும். எண்ணெய் சிந்திவிட்டால் வழுக்கவும் செய்யும். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

கழற்றும் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பேட்டரியின் நெகட்டிவ் ஒயர், கியர் ஆயில், கிளட்ச் கேபிள், கியர் மாற்றும் இணைப்புகள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கு ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டுக்குச் சக்கர நடு நட்டைத் தொடத் தேவையில்லை. கீழ் பால் ஜாயிண்டைப் பிரித்து நக்கிளை (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) வெளியே இழுத்தால், உள்பக்க ஜாயிண்டைக் கடப்பாரையால் நெம்பிக் கியர்பாக்ஸிலிருந்து எடுத்துவிடலாம். பழைய ஜாயிண்ட் ஒன்று கிடைத்தால் அந்த ஓட்டையில் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் சில கியர்பாக்ஸ்களில் உள்ளே இருக்கும் டிஃபரென்ஷியல் பல்சக்கரம் இடம் விட்டு நழுவிவிடும். இன்ஜினுக்கு மேலே சப்போர்ட் பார் போடுங்கள். அது இல்லையென்றால் ஆயில் சம்ப்புக்கு அடியில் தடித்த மரக்கட்டை வைத்து ஜாக் கொடுங்கள்.

இனி பிரியாத கியர்பாக்ஸுக்கு வருவோம். பலத்தைக் கூட்டுவதற்கு முன் இரண்டு பாகமும் சேரும் கோட்டை டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். எங்கே மாட்டியிருக்கிறது என்பதை இடைவெளியே சொல்லிவிடும்.

இடைவெளியே இல்லையென்றால், ஒன்று போல்ட் மிச்சம் இருக்கிறது. அல்லது டவல் பின் (இரண்டு பாகத்தையும் நேராகப் பொருத்தும் குழல்) இறுகியிருக்கிறது. கழற்றிய போல்ட்டை எண்ணுவதால் பயனில்லை, ஓட்டைகளை எண்ணுங்கள். சேற்றையும் கிரீஸையும் வழித்துவிட்டு, கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே சுற்றி வரவேண்டும். தப்பிப்போகும் போல்ட் இரண்டு வகை. ஒன்று இன்ஜின் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் செருகியது. மற்றது ஃபிளைவீலை (இன்ஜின் முனையில் சுழலும் கனத்த சக்கரம்) மூடும் கீழ்த் தகட்டின் சின்ன போல்ட். கண் எட்டாத பின்புறத்துக்குச் சின்னக் கண்ணாடி ஒன்று வேண்டும்.

போல்ட் ஒன்றும் இல்லை என்று உறுதியானால் டவல்தான். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேர்கோட்டில் நிறுத்தும் இரண்டு இரும்புக் குழல்கள் இவை. கியர்பாக்ஸ் கூடு அலுமினியம். இரும்பும் அலுமினியமும் ஒட்டிய இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். அரித்த பொடி பருத்து டவலை நெரித்துப் பிடித்துக்கொள்ளும். கடலோரத்திலேயே நிற்கும் பினாங்குக் காடிகளில் இதை அதிகம் பார்க்கலாம். இந்த விராவில் ஒரு டவலைச் சுற்றி வெள்ளைப் பொடி வளையம் கட்டியிருந்தது, இன்னொன்றில் லேசான கறை மட்டும். எது பிடித்திருக்கிறது என்று கண்டுகொள்ள அதுவே போதும்.

துரு இளக்கும் எண்ணெயை இரண்டு டவலுக்கும் அடித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் ஹாட் ஏர் கன்னால் டவலைச் சுற்றியுள்ள அலுமினியத்தை மட்டும் சூடாக்குங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். ஊறிய எண்ணெயைத் துடைத்துவிட்டே சூடு காட்ட வேண்டும். நெருப்பு வேண்டவே வேண்டாம்; பெட்ரோல் குழாயும் ரப்பர் சீல்களும் பக்கத்திலேயே இருக்கின்றன.

அடிப்பதற்கு முன் எதிரெதிரே இரண்டு நீள போல்ட்டை நாலைந்து சுற்று மட்டும் மாட்டிவையுங்கள். திடீரென்று விடுபட்டால் பாக்ஸ் மேலே விழாது. பிறகு கூட்டின் தடித்த காதுகளில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சேரும் முகப்பில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினியத்தில் பள்ளம் விழும். திரும்ப மாட்டும்போது அந்த இடம் சமமாக உட்காராது, பாக்ஸ் சாய்ந்து நிற்கும்.

ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடியே இருந்தால், மூடிய பக்கத்து டவல் இன்னும் பிடித்திருக்கிறது, பாக்ஸும் கோணிவிட்டது. இந்த நிலையில் இழுக்க இழுக்க இன்னும் இறுகும். திரும்ப உள்ளே தள்ளி நேராக்கி, ஜாக்கின் உயரத்தைச் சரிசெய்து, பிடித்த பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பாதிப் பேர் இங்கேதான் பொறுமை இழந்து கூட்டின் காதை உடைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது நிலை: சுற்றிலும் சமமாக ஒரு விரல் அளவு திறந்து நின்றுவிடும். டவல் விட்டுவிட்டது என்று அர்த்தம். இன்புட் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து கிளட்ச்சுக்குள் நுழையும் தண்டு) ஸ்ப்ளைன், அதாவது அதன் நீளவாட்டுப் பல்வரி, கிளட்ச் தட்டின் நடுவில் மாட்டியிருக்கும், இல்லை கூடு சேஸிஸில் இடிக்கும். இடிப்பதை முதலில் பாருங்கள். இன்ஜினைச் சற்றுத் தாழ்த்தினால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். ஸ்ப்ளைன்தான் என்றால், அந்த இடைவெளி வழியாகவோ கீழ்த் தகட்டைக் கழற்றிய வாய் வழியாகவோ பிரஷர் பிளேட் (கிளட்ச் தட்டை ஃபிளைவீலோடு அழுத்தும் மூடி) போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினால் கிராங்க் புல்லியைத் திருப்பித் திருப்பி ஆறு போல்ட்டையும் எடுத்துவிட்டு, கிளட்ச்சோடு சேர்த்தே பாக்ஸை இறக்கலாம்.

எந்த நிலையிலும் பாக்ஸின் பாரம் இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. திரும்ப மாட்டும்போதும் இதே சட்டம்தான். புதுத் தட்டின் நடுப்பகுதி வளைந்தால், பெடலை முழுக்க மிதித்தாலும் கிளட்ச் விடாது. போல்ட்டை முறுக்கிப் பாக்ஸை உள்ளே இழுக்கவும் வேண்டாம். கையால் தள்ளியே முகப்புகள் சேர வேண்டும்.

மாட்டும் முன் டவலை எமெரித் தாளால் தேய்த்துக் காப்பர் கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் அடுத்த தடவை இந்தப் பாடு இருக்காது. ஸ்ப்ளைனுக்குப் பெயருக்கு மட்டும் கிரீஸ். கூடினால் தட்டில் தெறிக்கும். தட்டில் ஸ்பிரிங் துருத்தும் பக்கம் கியர்பாக்ஸை நோக்கி இருக்கட்டும். பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிராக, 15 முதல் 22 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்குங்கள். பாக்ஸ் வெளியே இருக்கும்போதே கிராங்கின் பின் ஆயில் சீலையும் இன்புட் ஷாஃப்ட் சீலையும் பார்த்துவிடுங்கள். ஆயில் கசிந்திருந்தால் புதுக் கிளட்ச்சும் சீக்கிரமே வழுக்கும்.

கியர் ஆயில் ஜிஎல்-4 வகை. மூன்று லிட்டர் வாங்கினால் மிச்சம் வரும். ஊற்றும் ஓட்டையின் விளிம்பு வரை நிரப்பினால் போதும். பழைய ஆயிலை லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றாதீர்கள், தெரிந்த பட்டறையில் கொடுத்தால் தங்கள் கழிவு எண்ணெய்த் தொட்டியில் சேர்த்துக்கொள்வார்கள்.

கடைசியாகக் கேபிளைச் சரிசெய்யுங்கள், பெடல் மேலே சுமார் 2 செ.மீ. சும்மா ஆட வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, பெடலை முழுக்க மிதித்து, மூன்று நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கடகடவென்று அரைத்தால் முதலில் கேபிளைத் திரும்பப் பாருங்கள். கேபிள் சரியாக இருந்தும் அரைத்தால், தட்டு வளைந்திருக்கிறதா, திருப்பி மாட்டியிருக்கிறதா என்று பார்க்கப் பாக்ஸை மறுபடி இறக்கத்தான் வேண்டும்.