ஒரு மணி நேரக் கைத்தையலுக்கு என்ன கூலி?

இரட்டைக் கட்டிலுக்கான ஒட்டுத்துணிப் போர்வைக்கு நான் இப்போது கேட்கும் விலை 15,400 ரூபாய். தொகையைச் சொன்னதும் தொலைபேசியில் சற்று நேரம் பேச்சே வருவதில்லை. அந்த 15,400 எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் துணி. 80 அங்குல அகலம், 90 அங்குல நீளம் உள்ள போர்வை. ஐந்து அங்குலச் சதுரங்களாகக் கணக்குப் போட்டால் 288 சதுரம். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போகும் என்பதால் ஐந்தரை அங்குலமாக வெட்ட வேண்டும். 44 அங்குல அகலத் துணியில் கரையைக் கழித்தால் ஒரு வரிசைக்கு ஏழு சதுரம்தான் தேறும். மேல்துணிக்கு ஆறு மீட்டர், அடித்துணிக்கு ஐந்து மீட்டர், ஓரப்பட்டிக்கு முக்கால் மீட்டர். மொத்தம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நான் வாங்கும் பருத்தித் துணியின் விலையில் 2,400 ரூபாய். நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு 1,500. நூல், ஊசி, மழுங்கிப்போகும் பிளேடு எல்லாம் சேர்த்து 250. ஆக 4,150.

'திருப்பூரில்தானே இருக்கிறீர்கள், வேஸ்ட் துணி மலிவாகக் கிடைக்குமே' என்று கேட்கிறார்கள். கிடைக்கும். ஆனால் அது பனியன் துணி. இழுத்தால் இழுத்த பக்கம் நீளும். நான்கு சதுரங்களின் மூலைகள் ஓரிடத்தில் சந்திக்க வேண்டிய வேலைக்கு அது ஒத்துவராது. பனியன் துணியில் அருமையான மிதியடி தைக்கலாம், போர்வைக்கு நெய்த பருத்திதான் சரி.

அடுத்தது நேரம். வெட்ட 5 மணி நேரம், இணைக்க 14, மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்து நூலோட்டிப் பிடிக்க 4, அடுக்குகள் மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட 60, ஓரப்பட்டி மடித்துத் தைக்க 7. மொத்தம் 90 மணி நேரம். விலையில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது, பேரம் பேசுகிறவர்கள் கை வைப்பதும் இங்கேதான்.

இந்த ஆண்டு கைத்தையலுக்கு எங்கள் தெருவிலிருந்து ஓர் அக்கா சேர்ந்துகொண்டார். அதற்கு முன்பு வீட்டிலிருந்தபடியே பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பீஸ் ரேட். எத்தனை பீஸ் என்றுதான் எண்ணுவார்கள். எத்தனை மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. 'உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைக் கொடு கண்ணு' என்றார். தோன்றுவதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பகுதியில் கொத்தனாருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கூலி கொடுக்கிறோம். செங்கல் மட்டம் தப்பாமல் வைப்பது கைப்பழக்கம் என்றால், ஓர் அங்குலத்துக்குள் ஏழெட்டுத் தையல் ஒரே சீராக விழுவதும் கைப்பழக்கம்தான். எட்டு மணி நேரத்துக்கு ஆயிரம் என்றால் மணிக்கு 125. அக்காவுக்கு அதுவே கூலி என்று முடிவு செய்தேன். அவருக்கு 125 என்றால் அதே ஊசியைப் பிடிக்கும் எனக்கும் 125. 90 மணி நேரத்துக்கு 11,250. துணிக்கணக்கோடு கூட்டினால் 15,400. லாபம் என்று தனியாக ஒரு வரி இதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும், அடுத்த ஆண்டு சேர்ப்பேன்.

இன்னொரு வகை ஆர்டர் வருகிறது: அம்மாவின் புடவைகளைக் கொண்டுவந்து போர்வையாகத் தைத்துக் கேட்பது. என் மனத்துக்கு மிக நெருக்கமான வேலை இது. 'துணி நாங்களே தருகிறோம், விலை குறையும்தானே' என்ற கேள்வியும் கூடவே வரும். உண்மையில் விலை ஏறும். பழைய பட்டு, மடிப்பு விழுந்த கோட்டிலேயே விட்டுப்போயிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். பலமுறை துவைத்த சுங்குடியில் உடல் பகுதி இற்றிருக்கும், கரையும் முந்தானையும் மட்டும் உறுதியாக இருக்கும். எது தாங்கும், எது தாங்காது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று சோதிக்க வேண்டும். மெலிந்த துணிக்குப் பின்னால், இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் ஃபியூசிங் துணியை ஒட்ட வேண்டும். இதற்கே கூடுதலாக 15 மணி நேரம் ஆகிறது. மேல்துணிச் செலவு 1,200 குறைகிறது. ஃபியூசிங்குக்கு 900, கூலிக்கு 1,875 கூடுகிறது. ஏறக்குறைய 17,000. தவிர, கடைத் துணி வீணானால் இன்னொரு மீட்டர் வாங்கலாம். அம்மா கட்டிய புடவையில் கத்தரி ஒருமுறைதான் ஓடும்.

'எங்கள் பாட்டி இதையெல்லாம் சும்மாவே தைத்தாரே' என்பார்கள். என் அப்பாயியும் தைத்தார், பழைய நூல் புடவைகளை நான்காக மடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வங்காளத்துக் காந்தா போர்வையும், கர்நாடகத்தின் வட கன்னடத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான 'சித்தி' இனப் பெண்களின் கவந்தி போர்வையும் அப்படி வீட்டுப் பழந்துணியில் பிறந்தவைதான். வீட்டுக்காகத் தைத்தவற்றுக்கு யாரும் கூலி கேட்கவில்லை. அதனாலேயே இந்த வேலைக்குக் கூலி கிடையாது என்ற எண்ணம் ஊறிவிட்டது. 1966-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்று ஒரு கூட்டுறவு அமைத்துத் தங்கள் போர்வைகளை விற்றார்கள். வீட்டில் தைத்துப் பழகிய கைகள்தான் அவையும். அதைப் படித்த பிறகு விலை சொல்லும்போது என் குரல் தாழ்வதில்லை.

கையில் அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? விலையைக் குறைப்பதில்லை, வேலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறேன். ஓட்டுத்தையலை மெஷினில் போட்டால் 60 மணி நேரம் 12 ஆகிறது. அதே அளவுப் போர்வை 9,400 ரூபாயில் முடிந்துவிடும். மெஷின் தையல் நன்றாக உழைக்கும், துவைக்கவும் பயமில்லை. தினமும் போர்த்திக்கொள்ளக் கேட்பவர்களுக்கு அதைத்தான் நானே பரிந்துரைக்கிறேன். கைத்தையல் வேண்டும் என்றால் சிறிதாகக் கேளுங்கள். குழந்தைக்கான 35-க்கு 45 அங்குலப் போர்வை 4,100. பரப்பளவில் கால்வாசிகூட வராதே, விலை மட்டும் ஏன் கால்வாசிக்கு மேல் என்று ஒருவர் கணக்காகவே கேட்டார். நல்ல கேள்வி. பரப்பு குறைகிற வேகத்தில் ஓரம் குறைவதில்லை: பெரியதற்கு 340 அங்குல ஓரப்பட்டி, சிறியதற்கு 160.

பாதித் தொகை முன்பணம், துணி வெட்டுவதற்கு முன்பே. கூரியர் செலவு தனி. எடையை மட்டுமல்ல, பெட்டியின் பருமனையும் பார்த்துத்தான் அவர்கள் கட்டணம் போடுகிறார்கள். தையல் விட்டுப்போனால் ஓராண்டுக்குள் இலவசமாகச் சரிசெய்து தருவேன். அந்த நேரத்துக்கும் அக்காவுக்கு மணிக்கு 125 உண்டு. அது என் பங்கிலிருந்து போகும்.