படுக்கைப்புண் பதிவேட்டிலிருந்து மாநாட்டுக்கு: ஓர் ஆய்வுச் சுருக்கம் அனுப்பிய அனுபவம்

கோவையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பொறுப்புச் செவிலியராகப் பணிபுரிகிறேன். படுக்கைப்புண் தடுப்பில் எங்கள் பிரிவு செய்த வேலையைச் செவிலியர்களுக்கான தேசிய மாநாடு ஒன்றில் முன்வைக்க விண்ணப்பித்து, அது போஸ்டராக, அதாவது மாட்டி வைத்துப் பக்கத்தில் நின்று விளக்கும் அச்சுப் பதாகையாக, ஏற்கப்பட்ட அனுபவத்தை எழுதுகிறேன். மாநாட்டுக்கு அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்) அனுப்புவது மருத்துவர்களும் நர்சிங் கல்லூரி ஆசிரியர்களும் செய்யும் வேலை என்ற எண்ணம் வார்டில் டூட்டி பார்க்கும் நம்மில் பலருக்கு இருக்கிறது. எழுத வேண்டியது 300 சொற்கள்தான். ஆனால் அவற்றுக்கான சரக்கு, மாநாட்டு அறிவிப்பு வருவதற்கு வெகு முன்பே பதிவேட்டில் சேர்ந்திருக்க வேண்டும்.

நாங்கள் செய்ததில் புதுமை என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு ஷிப்டிலும், படுக்கைப்புண் வரும் அபாயத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலின்படி நோயாளிக்கு மதிப்பெண் போடுவது, அபாயம் உள்ளவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, ஷிப்ட் மாறும் ஹேண்ட்ஓவரின்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நோயாளியின் இடுப்புக்குக் கீழ்ப்புறத்தையும் குதிகால்களையும் பார்த்துக் கையெழுத்திடுவது ஆகிய மூன்றும்தான். 1987இல் வெளியான பிரேடன் அளவுகோலை நர்சிங் படித்த எவரும் அறிவர்: உணர்வு, ஈரம், நடமாட்டம், அசையும் திறன், உணவு, உராய்வு என்று ஆறு கூறுகள், மொத்தம் 6 முதல் 23 வரை, மதிப்பெண் குறையக் குறைய அபாயம் கூடும். தெரிந்த வேலையை விடாமல் செய்ததும் அதை எழுதி வைத்ததும்தான் எங்களிடம் இருந்த மூலதனம்.

அந்த எழுத்திலிருந்து ஒரு விகிதத்தைக் கணக்கிட வேண்டும். “புண்கள் கணிசமாகக் குறைந்தன” என்று எழுதினால் மதிப்பீட்டாளர் அந்த வரியைத் தாண்டிப் படிக்கமாட்டார். மருத்துவமனைகளின் தரத்துக்கு வழங்கப்படும் என்ஏபிஹெச் அங்கீகாரத்துக்காக மாதந்தோறும் அனுப்பும் தரக் குறியீடுகளில், மருத்துவமனையில் சேர்ந்த பின் தோன்றிய படுக்கைப்புண்களை 1000 நோயாளி-நாட்களுக்கு இத்தனை என்றுதான் கணக்கிடுகிறோம். உதாரணத்துக்கு, 10 படுக்கைகளும் ஒரு மாதம் முழுவதும் நிரம்பியிருந்தால் 300 நோயாளி-நாட்கள். அந்த மாதத்தில் புதிதாக மூன்று புண்கள் வந்திருந்தால் விகிதம் 1000க்கு 10. அதே மூன்று புண்கள் படுக்கைகளில் பாதி காலியாக இருந்த மாதத்தில் வந்திருந்தால் விகிதம் 20 ஆகிவிடும். புண்களை மட்டும் எண்ணியிருந்தால் இரண்டு மாதங்களும் ஒன்றுபோலத்தான் தெரியும். நள்ளிரவுக் கணக்கெடுப்புப் புத்தகம் எங்களிடம் ஒழுங்காக இருந்ததால் வகுக்க வேண்டிய பகுதி எண்ணுக்கு, அதாவது நோயாளி-நாட்களின் கணக்குக்கு, பஞ்சமில்லை. வெளி மருத்துவமனையிலிருந்தோ வீட்டிலிருந்தோ புண்ணோடு வந்தவர்களை நீக்கியாக வேண்டும்; சேரும்போதே உடம்பைப் பார்த்து எழுதிய குறிப்பு இல்லையென்றால் அவர்களைப் பிரித்தெடுக்க வழியே இல்லை.

முன்னும் பின்னும் இரண்டு சராசரிகளைப் போட்டு ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரும்பாலான சுருக்கங்கள் அப்படித்தான் இருக்கின்றன. எங்கள் தரப் பிரிவு ஒருங்கிணைப்பாளர் ரன் சார்ட் வரையச் சொன்னார். மாத விகிதங்களைப் புள்ளிகளாக வைத்து, நடுவில் இடைநிலைக் கோடு ஒன்றை வரைந்து, அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் தொடர்ந்து ஆறு புள்ளிகளோ அதற்கு மேலோ விழுந்தால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது என்பது அதன் விதி. எக்செல் தெரிந்த யாரும் ஒரு மாலையில் வரைந்துவிடலாம்.

மிகுந்த விவாதத்தை எழுப்பியது முதல் நிலைப் புண். தோல் கிழியாமல் சிவந்திருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்காது. இதுதான் பாடப்புத்தக வரையறை. அந்த வரையறை வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் நோயாளிகளில் பெரும்பாலோரின் தோலில் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. அந்த இடம் சற்றுக் கருத்தோ ஊதா கலந்தோ தெரிந்தால் உண்டு. ஆகவே கையுறை போடுமுன் புறங்கையால் அந்த இடத்தையும் பக்கத்துத் தோலையும் மாறிமாறித் தொட்டு வெப்பத்தை ஒப்பிடுவது, பிறகு விரல் நுனியால் அது கெட்டித்திருக்கிறதா, கொழகொழத்திருக்கிறதா என்று பார்ப்பது, நினைவோடு இருப்பவரிடம் வலிக்கிறதா என்று கேட்பது என்று எங்களுக்குள் வரையறுத்துக்கொண்டோம். செய்முறைப் பகுதியில் இதற்கு முழுதாக ஒரு வாக்கியத்தை ஒதுக்கினேன். 300 சொற்களில் ஒரு வாக்கியம் என்பது பெரிய செலவு என்றாலும், அதைக் குறைக்கச் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. முதல் நிலையைத் தவறவிடும் பிரிவில்தான் விகிதம் குறைவாகத் தெரியும் என்பதால், இதைச் சொல்லாத எண்ணை நானே நம்பமாட்டேன்.

அடுத்தது எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு. அன்றாடப் பராமரிப்பைத்தானே அளந்தோம், இதற்கு எதற்கு அனுமதி என்று கேட்டவர்கள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் குழுவின் முழுப் பரிசீலனை, துரிதப் பரிசீலனை, பரிசீலனையிலிருந்து விலக்கு என்று மூன்று வகை உண்டு. ஆபத்து ஏதுமற்ற பணி விலக்குக்கு உரியதாக இருக்கலாம். ஆனால் விலக்கு உண்டா என்பதைத் தீர்மானிப்பது குழுவே தவிர, ஆய்வைச் செய்தவர் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு போய்ப் பின்தேதியிட்டு ஒப்புதல் கேட்கவும் முடியாது. தொடக்கத்திலேயே எங்கள் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் அம்மா வற்புறுத்தி விண்ணப்பிக்க வைத்ததால் ஒப்புதல் கடிதம் கையில் இருந்தது. சமர்ப்பிக்கும் படிவத்தில் அந்தக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. குழு எப்போதாவதுதான் கூடும் என்பதால், மாநாட்டின் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறவர்கள் குழுவின் கூட்டத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குவது நல்லது.

ஆசிரியர் பட்டியலைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். துறைத் தலைவரின் பெயரைக் கேட்காமலே சேர்ப்பது நம் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: பணியில் கணிசமான பங்கு, எழுதியதிலோ திருத்தியதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்றல். நான்கும் பொருந்த வேண்டும். நைட் டூட்டியில் அட்டவணையை நிரப்பிய சிஸ்டர்கள் எல்லோரையும் ஆசிரியர்களாக்க இடமில்லை; ஆனால் தரவைச் சரிபார்த்து வரைவைத் திருத்திய இளையவர் ஒருவரின் பெயரைச் சேர்க்காமல், ஒருமுறையும் படிக்காத மேலதிகாரியின் பெயரைச் சேர்ப்பது முறையாகாது என்று வாதிட்டேன். கொஞ்சம் மனக்கசப்பு வந்தது. பட்டியல் சரியாக அமைந்தது. மற்ற சிஸ்டர்களுக்குப் போஸ்டரின் அடியில் நன்றி தெரிவித்தோம்.

எழுதும்போது முடிவுகள் பகுதியை முதலில் எழுதினேன். அதற்குப் பாதிச் சொற்களைக் கொடுத்தபின் மிஞ்சியதைப் பின்னணி, நோக்கம், செய்முறை, முடிவுரை ஆகியவற்றுக்குப் பிரித்தேன். படுக்கைப்புண் உலகளாவிய பிரச்சினை என்று தொடங்கும் பத்தியை யாரும் தேடிப்போய்ப் படிப்பதில்லை. எங்கள் பிரிவில் என்ன குறை இருந்தது என்ற ஒரே வாக்கியம் போதுமானதாக இருந்தது. “முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்” என்று முடிக்கும் சுருக்கங்கள் இன்றும் வருகின்றன. அவற்றை ஏற்கும் குழுக்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. தர மேம்பாட்டுப் பணிகளை எழுதுவதற்கென்றே 2015இல் வந்த ஸ்கொயர் 2.0 வழிகாட்டுதலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டது உதவியது. சூழல் எப்படிப்பட்டது, திட்டமிட்டதில் எது நடக்கவில்லை என்பதையும் எழுதச் சொல்கிறது அது. அதன்படி, ரத்த அழுத்தம் நிலையற்று இருந்த நோயாளிகளை இரண்டு மணிக்கொரு முறை திருப்ப முடியவில்லை என்பதையும் எழுதினோம்.

இணையப் படிவத்தில் கவனிக்க வேண்டியவை சில. மதிப்பீடு பெயர் மறைத்து நடப்பதால் மருத்துவமனையின் பெயரும் ஊரும் சுருக்கத்துக்குள் வரக்கூடாது. தலைப்பில் போட்டுவிட்டால் படிக்காமலே திருப்பிவிடுவார்கள். வேர்டிலிருந்து ஒட்டியபோது ‘குறைவு அல்லது சமம்’ என்ற குறி கேள்விக்குறியாக மாறியிருந்ததை முன்னோட்டப் பக்கத்தில் பார்த்து, அதைச் சொல்லாலேயே எழுதினேன். கடைசித் தேதி எப்படியும் நீட்டிக்கப்படும் என்று அனுபவசாலிகள் சொன்னார்கள். நீட்டிக்கவும் செய்தார்கள், ஆனால் அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

வாய்மொழி விளக்கவுரைக்குத்தான் விண்ணப்பித்தோம், போஸ்டராக ஏற்றார்கள். வருத்தம் இருந்தது. எனினும் மேடையில் சில நிமிடங்கள் பேசி இறங்குவதைவிடப் போஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பது வார்டுக்காரர்களுக்குப் பொருந்தும் என்று இப்போது நினைக்கிறேன். அளிப்பவர் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யாவிட்டால் ஏற்பு ரத்தாகும் என்று மின்னஞ்சலிலேயே இருந்ததால், சலுகைக் கட்டணம் முடிவதற்குள் பணம் கட்டி, ஏற்புக் கடிதத்தை இணைத்து ஆன் டூட்டி அனுமதி வாங்கினேன். அச்சடித்தது வழக்கமான ஃபிளெக்ஸ் கடையில்தான். கல்யாணப் பேனர்களுக்கு நடுவே எங்கள் ரன் சார்ட் உருண்டு வெளியே வந்தது.

மாநாட்டில் அதிகம் கேட்கப்பட்டது முதல் நிலைப் புண்ணைத் தொட்டறியும் முறையைப் பற்றித்தான். அரசு மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு சிஸ்டர், இரவில் ஒரு வார்டு முழுவதற்கும் ஒருவரே இருக்கும்போது இரண்டு மணிக்கொரு முறை திருப்புவது எப்படி என்று கேட்டார். ஐசியுவில் எங்களுக்கு இருக்கும் ஆள்பலம் அங்கே இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, பிரேடன் மதிப்பெண் 12க்கும் கீழே உள்ளவர்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம், உடனிருக்கும் உறவினருக்குத் திருப்பும் முறையைக் கற்றுத் தரலாம் என்று சொன்னேன். அதைச் செய்து பார்த்து, விகிதத்தோடு அடுத்த ஆண்டு அவரே விண்ணப்பிக்கும்படியும், எத்திக்ஸ் கமிட்டிக்கு இப்போதே எழுதிப்போடும்படியும் கூறி, எங்கள் அட்டவணையின் வெற்றுப் படிவத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.