பழைய ராலி ஃபிரேமுக்கு நட்டும் வாசரும் தேடிய கதை

டயர் கிடைக்கும், பெயிண்ட் அடிக்கவும் ஆள் கிடைக்கும். பழைய ராலி சைக்கிளை மூலையிலேயே கிடக்க வைப்பது விரல் நுனி அளவுச் சாமான்கள்தான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக (கணக்கராக) இருந்த பெரியவர் ஒருவர், லயத்தை (தோட்டக் குடியிருப்பை) காலி செய்தபோது தன் சைக்கிளை என்னிடம் ஒப்படைத்தார். கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் கம்பி பிரேக், 28 அங்குலச் சக்கரம், பின் சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப். முன் ரிம்மில் 32 கம்பி, பின் ரிம்மில் 40. ஹப்பின் மேல் ஏ.டபிள்யூ. என்ற மாடல் எழுத்தோடு 58, 3 என்று குத்தியிருக்கிறது. அதாவது 1958 மார்ச்சில் செய்த ஹப். ஃபிரேமும் அதே வயதா என்பதை இதை வைத்து முடிவு கட்ட முடியாது. சக்கரம் பின்னால் மாறியிருக்கலாம்.

பின் அச்சின் வலது நட்டு, பூட்டு வாசர்கள், கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்கள், சீட் போல்ட், பெடல் அச்சுக் கூட்டின் எண்ணெய் மூடி, இவ்வளவும் இல்லை.

தேட ஆரம்பிக்கும் முன் மரையை, அதாவது நட்டு ஏறும் திருகு வெட்டை, அளக்க வேண்டும். ராலியில் இதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். மற்ற இங்கிலாந்து சைக்கிள்களில் பெடல் அச்சுக் கப்புக்கும் ஹேண்டில் தலை நட்டுக்கும் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. நோட்டிங்ஹாம் ஆலையில் செய்த ராலியில் அந்த இடங்களிலும் 26. முன் அச்சும் பின் அச்சும் 26தான். 26 மரை என்றால் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.977 மில்லிமீட்டர். இப்போது கடையில் விற்கும் சைக்கிள் அச்சு நட்டில் அது 1 மில்லிமீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால்தான் ஆபத்து. முன் அச்சு 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் நட்டு அதில் சிரமமில்லாமல் ஏறிவிடும், ஆனால் லேசாக ஆடும். முன் சக்கரத்தை அதை நம்பி நான் விடமாட்டேன். பின் அச்சு 13/32 அங்குலம், 10.32 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் நட்டு அதன் வாயிலேயே நின்றுவிடும். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் நட்டு போகாது, அச்சின் மரைதான் போகும்.

என் சைக்கிளிலும் யாரோ அப்படி அழுத்தியிருக்கிறார்கள். வலது முனையில் முதல் சில மரைகள் மடிந்து கிடந்தன. கடைசல் பட்டறை அண்ணன் அச்சை லேத்தில் மாட்டவே இல்லை. “இதுக்கு மிஷின் வேண்டாம் தம்பி, கையே போதும்” என்று முக்கோண அரத்தின் ஓரத்தை வைத்து ஒவ்வொரு மரையாகத் திறந்து கொடுத்தார். மடிந்த இரும்பு மெல்லிய சுருளாக எழும்பி வந்தது. அவர் கைக்கு ஒரு கும்பிடு.

நட்டும் வாசரும் ஈப்போ பாசார் காராட் என்ற பழைய சாமான் சந்தையில் கிடைத்தன, ஆனால் தனியாக இல்லை. கம்பியெல்லாம் அறுந்த ஒரு பழைய சக்கரம், ஹப்போடு. தனி நட்டைத் தேடி அலைவதைவிட இதுவே நல்ல வழி என்பது என் அனுபவம். ஏ.டபிள்யூ. ஹப் 1930களிலிருந்து பெரிய மாற்றமில்லாமல் வந்தது, ஆகவே ஒன்றின் நட்டு இன்னொன்றுக்குச் சேரும். வலது பக்க நட்டு சாதாரண நட்டு அல்ல. நீளமாக, பக்கவாட்டில் ஒரு துளையோடு இருக்கும். இரண்டாம் கியரில் வைத்து அந்தத் துளை வழியாகப் பார்த்தால், உள்ளே இருக்கும் கம்பியின் தோள் அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். கேபிளைச் சரிசெய்வது அதைப் பார்த்துத்தான்.

பூட்டு வாசரைப் பலர் அலட்சியமாகத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அச்சின் இரு பக்கமும் தட்டையாக இருக்கும். வாசரின் ஓட்டையும் அதே வடிவம். அதன் ஓரத்தில் மடிந்து நிற்கும் பல் ஃபிரேமின் காடியில் உட்காரும். அது இல்லாவிட்டால் மிதிக்கும்போது அச்சே திரும்பப் பார்க்கும், நட்டு தளரும், கியர் தாறுமாறாகும். நட்டைவிட இந்த வாசர் கிடைத்ததில்தான் எனக்கு அதிக சந்தோஷம்.

காட்டர் பின் ஊரிலேயே கிடைத்தது. பெரிய சாலையில் இருக்கும் சீனத் தௌக்கே (கடை முதலாளி), தோட்டத்து ஆட்களோடு பழகி நம்மைப் போலவே தமிழ் பேசுவார். மைலோ டின்னைக் கவிழ்த்துக் கொட்டினார். “எது வேணும், நீயே எடுத்துக்கோ.” வெர்னியரை வைத்துப் பார்த்து 9.5 மில்லிமீட்டர் பின்களை எடுத்தேன். இதைவிட மெல்லியதும் அந்தக் குவியலில் இருந்தது. அதைப் போட்டால் கிராங்க் ஆட்டம் கொடுக்கும். பின்னின் சரிவு அச்சின் வெட்டில் முழுதாகப் படியும்வரை அரம் போட வேண்டும். மையைத் தடவிப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்பது தெரியும். இரண்டு பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இறங்க வேண்டும், இரண்டிலும் ஒரே அளவு சரிவு. இல்லையென்றால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது.

இறக்கும்போது நட்டை முறுக்கி இழுக்கக் கூடாது, அந்தச் சின்ன மரை தாங்காது. கிராங்குக்கு அடியில் தரையைத் தொடும்படி ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டு, அப்புறம் நட்டு. குழாய் இல்லாமல் தட்டினால் அடி முழுவதும் கோலிகளுக்கும் கப்புக்கும் போகும். செம்பனைக்குள் போகும் மண் சடக்கில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடி தட்டினேன். இரண்டும் இன்னும் கொஞ்சம் இறங்கின.

சீட் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர், தலையில் 8.8 என்ற வலிமைக் குறி குத்திய போல்ட் போதும் என்று விட்டுவிட்டேன். அதற்கு நட்டும் கூடவே வருவதால் ஃபிரேமில் எந்த மரையும் கெடப் போவதில்லை. எண்ணெய் மூடிக்கு இப்போதைக்கு ஒரு ரப்பர் அடைப்பான்.

மிச்சம் இருப்பது முன் பிரேக் கம்பியின் முட்டுச் சாமானும் அதன் திருகும். இந்தியாவிலிருந்து வரும் கம்பி பிரேக் சைக்கிளின் சாமான் சேருமா என்று பார்க்க, ஒரு செட் வரவழைத்துத் தருவதாகத் தௌக்கே சொல்லியிருக்கிறார். வந்ததும் முதலில் மரை கேஜைத்தான் வைத்துப் பார்ப்பேன்.